துபாயில் மூன்றாவது மாடி

மரக்காணத்து உப்பளத்தில் ஒரு துபாய் இருக்கிறது என்பது இரும்பை கிராமத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அமுதவல்லியின் கல்யாணம் நடந்தே இருக்காது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பாத்திகளை நம்பர் போட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. கூலி கொடுக்கிற ஆபீசுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பகுதி டெல்லி. ஒரே ஒரு வேப்பமரம் நிற்கிற பகுதி ஊட்டி. மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஊட்டிக்குத்தான் போவார்கள். வாய்க்காலைத் தாண்டி, கடலுக்குப் பக்கமாக, நிழலும் கிடையாது குடிக்கத் தண்ணீரும் கிடையாது, போனால் சனிக்கிழமைதான் திரும்பலாம் என்று கிடக்கிற பகுதி துபாய். சுனாமி வந்து அங்கே கரைகளையெல்லாம் உடைத்துப் போட்டது. மண் கொட்டி மறுபடி கட்டினார்கள். பெயருக்கு மட்டும் ஒரு கீறலும் விழவில்லை.

அந்தத் துபாயில், வாய்க்கால் தண்ணீரைப் பாத்திக்கு இறைக்கிற டீசல் இன்ஜினை ராப்பகலாகப் பார்த்துக்கொள்கிறவன் அறிவழகன். பெரிய முதலியார்சாவடி கல்யாணத் தரகர் பஞ்சநாதன் அவனைப் பற்றி விசாரிக்க மரக்காணம் போனபோது, டீக்கடைக்காரர் உள்ளதைத்தான் சொன்னார்: "தங்கமான பையன்ங்க. துபாய்ல இன்ஜின் பாக்குறான்."

பஞ்சநாதன் பொய் சொல்கிற தரகர் இல்லை. ஆனால் திரும்பி வருகிற பஸ் கீழ்புத்துப்பட்டைத் தாண்டுவதற்குள் அவர் மனதில் இன்ஜின் பார்க்கிறவன் இன்ஜினியர் ஆகிவிட்டிருந்தான்.

இரும்பையில் அமுதவல்லி அந்தச் செய்தியைக் கேட்ட அன்று ராத்திரி தூங்கவில்லை. அவளுக்கு ஊர் பார்க்கிற ஆசை உண்டு. சின்ன வயதிலிருந்தே உண்டு. பிளஸ் டூ முடித்துவிட்டு ஊதுபத்தி கம்பெனி ஒன்றில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஜெர்மனிக்கு ஒரு லேபிள், ஜப்பானுக்கு ஒரு லேபிள், பெயரை வாயில் வைத்துச் சொல்லவே முடியாத ஊர்களுக்கு ஒரு லேபிள். அவள் கைப்பட்ட டப்பாக்கள் எல்லாம் கப்பல் ஏறிப் போயின. அவள் மட்டும் திண்டிவனத்தைத் தாண்டியதில்லை.

போதாததற்கு, உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் இரும்பையைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் வந்து, கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்து, குளத்தையே ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்படி என்னதான் இருக்கிறது என்று அவளும் ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தாள். எருமை ஒன்று இறங்கியது. எருமை ஒன்று ஏறியது. கம்பெனிக்கு வரும் ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம், எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டாள். அந்த அம்மாள் யோசித்து யோசித்துத் தமிழில் சொன்னாள்: "வந்தேன். அப்புறம் போகல." இது ஒரு பதிலா என்று அமுதவல்லிக்குக் கோபமாக வந்தது. போகிறதுக்கு வழியும் காசும் இருக்கிறவர்கள்தான் இப்படிப் பேசலாம்.

எனவே துபாய் என்றதும், மாப்பிள்ளை போட்டோவைப் பார்ப்பதற்கு முன்பே அவள் சரி என்று சொல்லிவிட்டாள். பிறகு போட்டோவைப் பார்த்தாள். நல்லவேளை, அதுவும் சரியாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் போனார்கள். அமுதவல்லியின் அப்பா மாயவன், அம்மா திரௌபதி, அப்பாவின் தங்கை விருத்தாம்பாள், தரகர் பஞ்சநாதன். ஓட்டு வீடு, சுத்தமான வாசல். துபாய்ப் பணம் வீட்டில் எங்கேயும் தெரியவில்லை என்பது திரௌபதிக்கு உறுத்தியது. மாப்பிள்ளையின் அம்மா சாலம்மாள் பஜ்ஜி வைத்தாள்.

"தம்பி எப்ப துபாய்லேர்ந்து வந்தாரு?" என்று கேட்டார் மாயவன்.

"நேத்து சாயங்காலம். திங்கக்கெழம காத்தால போயிடுவான்."

"ரெண்டே நாளா?"

"என்ன பண்றதுங்க, வாரா வாரம் வந்துட்டுத்தான் போறான். வீட்டுச் சோறு ரெண்டு வேள உள்ள போனாத்தான் அவனுக்கு ஒடம்பு சரிப்படும்."

மாயவன் வாயில் இருந்த பஜ்ஜியை மெல்ல மறந்தார். "வாரா வாரமா? அதுக்கே செலவாயிடுமேம்மா."

"செலவு என்னங்க செலவு. கம்பெனி வண்டி வருது. மேல ஏறி குந்திக்கினா வந்துட போறான்."

சாலம்மாள் சொன்னது உப்பு மூட்டை ஏற்றிய லாரியை. மாயவன் ஓட்டுக் கூரையை, அதற்கும் மேலே இருக்கிற ஆகாயத்தை, மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"கம்பெனிக்குன்னு சொந்தமாவே வெச்சிருக்காங்களா?"

"ரெண்டு இருக்குது. ஒண்ணு எப்பவும் ரிப்பேரு."

திரும்பும் வழியில் பஸ்ஸில் மாயவன் ஜன்னல் வழியாக ஆகாயத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் பொண்டாட்டியிடம் மட்டும் சொன்னார்: "ரிப்பேரானதுல மாப்ள ஏறாம பாத்துக்கணும்டி."

நிச்சயம் முடிந்த பிறகு அறிவழகன் உப்பள ஆபீஸ் போனிலிருந்து பேச ஆரம்பித்தான். அமுதவல்லிக்கு ஏது போன். பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காவின் செல்லுக்குத்தான் கூப்பிடுவான். முதல் தடவையே ரோஸ்லின் அக்கா நம்பரைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

"ஏண்டி, இது திண்டிவனம் பக்கத்து எஸ்டிடி கோடு மாதிரி இருக்குது?"

"துபாய்லேர்ந்து பேசினா சுத்தி சுத்தித்தான் வருமாம்க்கா," என்றாள் அமுதவல்லி. யார் அப்படிச் சொன்னார்கள் என்று அவளுக்கே தெரியாது. ஆசை இருந்தால் பதில் தானாக வந்துவிடுகிறது.

அவன் பேசுகிற விதம் அவளுக்குப் பிடித்தது. பீற்றிக்கொள்ளவே மாட்டான்.

"அங்க ரொம்ப வெயிலாமே?"

"ரொம்பன்னா ரொம்ப. மத்தியானத்துல கண்ணத் தொறக்க முடியாது. கருத்துப் போயிடுவ, இப்பவே சொல்லிட்டேன்."

"மரமெல்லாம் இருக்காதாமே?"

"ஒண்ணுகூட கெடையாது. நிழலுக்கு ஊட்டிக்குத்தான் போவணும்."

அமுதவல்லி சிரித்தாள். என்ன நக்கல் என்று நினைத்துக்கொண்டாள். "உங்க ஷேக்கு எப்படி, நல்லவரா?"

"யாரு, ஷேக் தாவூதா? மொதலாளின்னா அவருதான். ரம்ஜானுக்கு பிரியாணி, தீபாவளிக்கு வேட்டி."

"ஷேக்கு தீபாவளிக்கு வேட்டி குடுப்பாரா?"

"கரை வெச்சது."

இவ்வளவு நல்ல ஷேக் உலகத்தில் இருப்பார் என்று அவள் நினைத்ததில்லை. ரோஸ்லின் அக்காவிடம் சொன்னாள். ரோஸ்லின் அக்கா தெருவுக்கே சொன்னாள்.

கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒருநாள் கேட்டாள்: "நம்ம வீடு எத்தனாவது மாடி?"

தூரத்தில் இன்ஜின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மாடியா?" என்றான் அறிவழகன். "எத்தனாவது வேணும்?"

"நான் மாடி வீட்ல இருந்ததே இல்ல. மூணாவதுன்னா நல்லா இருக்கும். இல்லாட்டியும் பரவால்ல."

மறுபடியும் இன்ஜின் சத்தம். பிறகு அவன், ஏதோ பெரிய கணக்குப் போட்டு முடித்தவன் போல, "சரி. கல்யாணத்துக்குள்ள பண்ணிடறேன்," என்றான்.

ஒரு வார்த்தை கேட்டதற்கு வீட்டையே மாற்றுகிற புருஷன். அன்று அவள் ஒட்டிய லேபிள்களில் பாதி கோணலாகப் போயிற்று.

மாயவனும் தம் பங்குக்கு, விசா என்ற வார்த்தை வாயில் வராமல், பொண்ணை உள்ளே விடச் சீட்டு ஏதாவது வேணுமா என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் மாமா. கேட்டுல வாட்ச்மேன் இருப்பான். என் சம்சாரம்னு சொன்னா வுட்டுடுவான்," என்றான் மாப்பிள்ளை. மருமகனின் செல்வாக்கை நினைத்து மாயவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாயிரத்து ஆறு மாசி மாதம் இரும்பை சிவன் கோயிலில் தாலி கட்டினான். பந்தியில் விருத்தாம்பாள் கேட்டாள், "மாப்ள, அங்கேர்ந்து வரும்போது எனக்கு என்ன கொண்டாருவீங்க?" அறிவழகன் கூச்சத்தோடு, "அங்க என்ன அத்தை இருக்குது, உப்புதான். ஒரு மூட்டையா வேணும்னாலும் தரேன்," என்றான். பந்தியே சிரித்தது. விருத்தாம்பாளுக்குப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

மூன்று நாள் மறுவீடு முடிந்தது. நான்காம் நாள் காலையில் வழியனுப்ப மாயவன் ஒரு வேன் பிடித்திருந்தார். வேன் கொள்ளாத சனம். மாலைகள், ஊறுகாய் பாட்டில்கள், முறுக்கு டின். பஸ் ஏறிப் போனால் போதும் என்று நினைத்திருந்த அறிவழகனுக்கு இதைப் பார்த்து நெஞ்சு நிறைந்துவிட்டது. பெண் வீட்டார் என்றால் இவர்கள் அல்லவா பெண் வீட்டார்.

டிரைவர் டோமினிக் மாயவனிடம் கேட்டான்: "மீனம்பாக்கம்தானே?"

"ஆமாம்பா, ஈசிஆர்லயே போ. மாப்ளைக்கு வழி தெரியும்."

பெரிய முதலியார்சாவடியில் வேன் வடக்கே திரும்பியது. கீழ்புத்துப்பட்டு அய்யனாருக்கு ஒரு சூடம் கொளுத்தினார்கள். மரக்காணம் நெருங்க, ரோட்டுக்கு வலப்பக்கம் வெள்ளை வெளேர் என்று பாத்திகள் விரிந்தன. "அண்ணே, இந்த மண் ரோட்டுல வுடுங்க," என்றான் அறிவழகன். அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போகப் பார்க்கிறான் போல என்று திரௌபதிக்கு மருமகன் மேல் மதிப்பு கூடியது.

ஆனால் வேன் போய் நின்றது ஒரு வாய்க்கால் கரையில். இரும்பு கேட்டில் நின்ற வாட்ச்மேன் ஒரு சலாம் போட்டான். அறிவழகன் அமுதவல்லியின் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, வாய்க்காலின் குறுக்கே போட்டிருந்த பனைமரத்தில் கால் வைத்தான்.

"பாத்து வாங்க. அந்தாண்ட கரை வழுக்கும்."

மாலைகளோடும் ஊறுகாயோடும் எல்லோரும் வரிசையாகப் பனைமரத்தில் நடந்தார்கள். விருத்தாம்பாள் அண்ணன் காதில் கிசுகிசுத்தாள். "ஏண்ணே, கள்ளத்தோணில கூட்டிக்கினு போறானா?"

"வாய மூடு," என்றார் மாயவன். "கம்பெனி வண்டி எறங்க எடம் வேணாமா? பாரு, எவ்ளோ தொலவுக்கு சமமா போட்டு வெச்சிருக்கான். இது எல்லாம் ரன்வே."

"அது என்னண்ணே, ஒசரமா?"

தூரத்தில், கண் கூசும் வெள்ளைக்கு நடுவே, சவுக்குக் கழிகளால் கட்டிய ஒரு கோபுரம் நின்றது. அடுக்கடுக்காக, மேலே ஓலைக் கூரையோடு, லேசாகக் கடல் பக்கம் சாய்ந்தாற்போல்.

"அங்க குந்திக்கினுதான் விமானத்துக்குக் கை காட்டுவாங்க," என்றார் மாயவன்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகையை ஊன்றி நிமிர்ந்தார்கள். அதில் மூத்தவள் சவரியம்மாள், முட்டிவரை உப்புத் தண்ணீரில் நின்றபடி, "வாம்மா பொண்ணு," என்றாள். "துபாய்க்குக் கல்யாணம் ஆகி வர்ற மொதல் பொண்ணு நீதான். கால்ல கீறல் ஏதாவது இருக்குதா? இருந்தா எரியும்."

"துபாய் எங்க இருக்குது?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"எங்கன்னா? இதாம்மா. பனமரம் தாண்டினீங்களே, அப்பவே வந்தாச்சு."

இன்ஜின் கொட்டகைக் கதவில் யாரோ சுண்ணாம்பால் எழுதியிருந்தார்கள்: துபாய். கீழே, சின்னதாக, செருப்பை வெளியில் விடவும்.

மாயவன் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு திரும்பிப் பஞ்சநாதனைத் தேடினார். பஞ்சநாதன் முறுக்கு டின்னுக்குப் பின்னால் நின்றார்.

"யோவ், என்னாய்யா இது?"

"நான் என்ன பொய்யா சொன்னேன்? துபாய்னு சொன்னேன். கதவப் பாருங்க."

"இன்ஜினியர்னு சொன்னியே?"

"இன்ஜின் ஓடுதா இல்லையா, காதத் தீட்டி கேளுங்க."

"வாரா வாரம் விமானத்துல வர்றான்னியே?"

"அத நீங்கதான் சொன்னீங்க. எனக்கே நீங்கதான் சொன்னீங்க. அதக் கேட்டு நான் இன்னும் ரெண்டு வீட்டுல சொல்லிட்டேன், அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு நான் முழிக்கிறேன்."

அறிவழகனுக்கு அப்போதுதான் விளங்க ஆரம்பித்தது. தலையில் இருந்த பெட்டியை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றான். அவன் முகத்தை அமுதவல்லி பார்த்தாள். ஏமாற்றி மாட்டிக்கொண்டவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கம்பெனி சூப்பர்வைசரிடம் பார்த்திருக்கிறாள். இது அது இல்லை. இது கல்யாணத்துக்குப் போன இடத்தில் செருப்பைத் தொலைத்தவன் முகம்.

"அப்ப நீ," என்றான் மெதுவாக, "அந்த துபாய்னு நெனச்சியா?"

"வேற எந்த துபாய நெனைப்பாங்க?"

"நான்தான் எல்லாம் சொன்னேனே. வெயிலுன்னு சொன்னேன். மரம் இல்லன்னு சொன்னேன். கருத்துப் போயிடுவன்னு சொன்னேன்."

அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். சொல்லித்தான் இருந்தான். அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேனில் ஏறியிருக்கலாம்.

"துபாய்க்கு எவளும் வரமாட்டாள்னு எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும்," என்றான் அவன். "நீ போன்ல எப்ப கூட்டிக்கினு போவீங்க, எப்ப கூட்டிக்கினு போவீங்கன்னு கேட்டியா. நான் இங்க எல்லார்கிட்டயும் சொன்னேன், பாரு, இங்க வர்றதுக்கே ஆசப்படற பொண்ணு ஒண்ணு இருக்குதுன்னு." பெட்டியை இறக்கி வரப்பில் வைத்தான். "புடிக்கலன்னா போயிடு. வேன் நிக்குது. நான் கோச்சுக்க மாட்டேன்."

"கெளம்பும்மா," என்றார் மாயவன். "மத்தத ஊர்ல பேசி தீத்துக்கலாம்."

"கொஞ்சம் இருங்கப்பா."

இந்தக் கொஞ்ச நேரத்தில்தான் விவகாரம் கெட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சண்டை போட வந்தவர்களுக்கு நிற்க நிழல் இல்லை. சவரியம்மாள் இரக்கப்பட்டு, "பெரியவங்கல்லாம் ஊட்டில போயி குந்துங்களேன்," என்றாள்.

"ஊட்டியா?" என்றாள் விருத்தாம்பாள்.

"தோ, கூப்புடு தூரம். டெல்லி வழியா போனா மண்ணு கெட்டியா இருக்கும்."

விருத்தாம்பாள் அண்ணனைப் பார்த்தாள். அவளும் திண்டிவனத்தைத் தாண்டாதவள்தான். "வந்தது வந்துட்டோம். வேன் வாடக சாயங்காலம் வரைக்கும் இருக்குதுல்ல. டெல்லியப் பாத்துட்டு வந்துடறோம்," என்று சொல்லிவிட்டு அவள் நடக்க, அவளுக்குப் பின்னால் மாலையும் முறுக்கு டின்னும் நடந்தன. டோமினிக் கூட வேனைப் பூட்டிவிட்டு ஓடினான். மாயவன் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் வரப்பில் குந்தினார். பக்கத்தில் இருந்த அம்பாரத்திலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு நல்ல உப்புதான்," என்று திரௌபதியிடம் விரோதமாகச் சொன்னார்.

அமுதவல்லி கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன?"

அறிவழகன் தரையைப் பார்த்தான். "மாடி."

"என்ன மாடி?"

"நீதானே கேட்ட. மூணாவது."

அவள் கிட்டே போய் நிமிர்ந்து பார்த்தாள். கீழே இன்ஜின். அதற்கு மேல் சவுக்கும் மூங்கிலும் கட்டி ஒரு தட்டு. அதில் அடுப்பும் பானையும் சாக்கும். அதற்கு மேல் ஒரு தட்டு. அதற்கும் மேல் ஓலை வேய்ந்து, இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்து, ஒரு சின்ன அறை. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைகூட இருந்தது. எல்லாவற்றையும் ஒரு மூங்கில் ஏணி கோத்திருந்தது.

"ரெண்டாவது மாடில ஒண்ணுமே இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. மூணாவது வேணும்னா ரெண்டாவது ஒண்ணு இருந்தாகணும்ல."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்த இடத்தில் சிரித்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

"அமுதா, எறங்குடி," என்று திரௌபதி கத்தினாள். அமுதவல்லி ஏறிக்கொண்டே இருந்தாள்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் கடல், தகரத்தை விரித்தது போல. மறுபக்கம் பாத்திகள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஆகாயம். தூரத்தில் ஈசிஆர் ரோட்டில் பஸ்கள் சென்னைக்கும் பாண்டிக்கும் போய்க்கொண்டிருந்தன, சத்தமே இல்லாமல். டெல்லியிலிருந்து ஊட்டிக்குப் போகும் வரப்பில் விருத்தாம்பாள் முன்னால் நடக்க அவளுடைய சொந்தபந்தம் முழுக்க வரிசையாக நடந்தது. யாரோ ஒருவர் மாலையைத் தம் கழுத்திலேயே போட்டுக்கொண்டுவிட்டார். ஜெர்மனி, ஜப்பான் என்று அவள் லேபிள் ஒட்டிய ஊர்களிலும் யாராவது ஒருத்தி பெட்டியோடு போய் இறங்கி, இதுதானா அது என்று கேட்டிருப்பாள் என்று அமுதவல்லிக்குத் தோன்றியது. என்ன பதில் வந்திருக்குமோ. யாராவது அவளுக்காக ஒன்றுக்கும் உதவாத ஒரு இரண்டாவது மாடி கட்டி வைத்திருந்தார்களோ இல்லையோ.

துபாய் போனது போனதுதான். அந்தத் துக்கம் ஒரு பக்கம் அப்படியே இருந்தது. விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மேகத்தை மேலிருந்து பார்க்க வேண்டும் என்று அவள் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். அதை இந்தப் பூப்போட்ட திரை ஈடுகட்டிவிடாது. ஈடுகட்டிவிட்டதாக அவள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளவும் போவதில்லை.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். கீழே அறிவழகன் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றான்.

"மழ காலத்துல இங்க வேல இருக்குமா?"

"ஐப்பசி பொறந்தா துபாய் மூடிடும். தை வரைக்கும் லீவுதான்."

"அந்த லீவுல என்னை ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும். வருஷத்துக்கு ஒரு ஊரு."

"எந்த ஊரு?"

"அத நான் சொல்லுவேன். சொன்ன ஒடனே நீங்க இங்க கட்ட ஆரம்பிக்கக் கூடாது. பஸ் ஏறி, ரயில் ஏறி, போய்ப் பாக்கணும்."

அவன் தலையாட்டினான். ஆட்டிய வேகத்தில் ஏணியும் ஆடியது.

"அமுதா," என்று திரௌபதி வரப்பிலிருந்து குரல் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஊர்ல கேட்டா நான் என்னாடி சொல்லுவேன்? ரோஸ்லின் கேப்பாளே?"

"துபாய்ல விட்டுட்டு வந்தோம்னு சொல்லும்மா. நாமதான் பொய்யே சொன்னதில்லையே."

மாயவன் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஊட்டியிலிருந்து விருத்தாம்பாள் கூப்பிட்டாள், நிழல் ஜிலுஜிலு என்று இருக்கிறதாம், முறுக்கை உடைத்துவிட்டார்களாம், வருகிறாரா இல்லையா என்று. அவர் மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். எழுந்து வேட்டியில் ஒட்டிய உப்பைத் தட்டினார். "நீ வாடி," என்றார் பொண்டாட்டியிடம்.

அவர்கள் கொஞ்ச தூரம் போன பிறகு அமுதவல்லி மறுபடி எட்டிப் பார்த்தாள். அறிவழகன் இன்னும் ஏணியைப் பிடித்தபடியே இருந்தான்.

"என்ன, மேல வரலியா?"

"இல்ல, ரெண்டு பேர் வெயிட்டு தாங்குமான்னு தெரியல. நான் தனியாத்தான் ஏறிப் பாத்திருக்கேன்."

"அப்ப ஏறி வாங்க. பாத்துடலாம்."

அவன் செருப்பைக் கழற்றி வெளியே விட்டான். முதல் மாடியில் பானை உருண்டது. இரண்டாவது மாடியில் அவன் கொஞ்ச நேரம் நின்றான். அந்தத் தட்டில் ஒருவர் நிற்பது அதுதான் முதல் தடவை. சவுக்குக் கழிகள் ஒன்றோடொன்று ஏதோ பேசிக்கொள்வது போல முனகின. ஊட்டிக்குப் போகும் வழியில் மாயவனும் திரௌபதியும் திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். சவரியம்மாளும் மற்ற பெண்களும் பலகையைப் போட்டுவிட்டு, எந்தப் பக்கம் விழுமோ என்று கணித்து, எதிர்ப் பக்கமாக நகர்ந்தார்கள்.

அறிவழகனின் தலை மூன்றாவது மாடித் தரைக்கு மேலே வந்தது. பிறகு தோள். அமுதவல்லி கையை நீட்டினாள். துபாய் முழுக்க ஒருபுறமாகச் சாய்ந்து, யோசித்து, நின்றது.

"மூச்சு விடலாமா?" என்றாள்.

"மெதுவா," என்றான் அவன்.